சிவப்புக் கோட்டுக்கு மேல்

பூபதி தெர்மாமீட்டரைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்தபோது பாதரசம் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. ஒரு நூல் அளவுதான், ஆனாலும் தாண்டினால் தாண்டினதுதான். அந்தக் கோடு கம்பெனிக்காரன் போட்டதல்ல. இதுக்கு மேல தண்ணி சூடாச்சுன்னா தூண்டிலைச் சுருட்டிடணும், ட்ரவுட் மீன் தாங்காது என்று மச்சான் ஒரு நாள் சொல்ல, ரேணுகா அக்கா தன் நகப்பாலிஷை எடுத்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, குழாயின் மேல் மெல்ல இழுத்த கோடு. அக்கா போய் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. கோடு மட்டும் நேற்றுப் போட்டது போல இருக்கிறது. மனுஷி போய்ச் சேர்ந்துவிட்டாள், நகப்பாலிஷ் போகவில்லை, இது என்ன நியாயம் என்று தெர்மாமீட்டரைப் பாறையில் அடித்து உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. மேலே, ஓடை வளைகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த மச்சான் நந்தகோபால் திரும்பாமலே கேட்டார்.

“எவ்வளவுங்க மாப்ளே காட்டுது?”

“கோட்டுக்குக் கீழதானுங்க மச்சான். இன்னும் வீசலாம்.”

பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் தூண்டிலைச் சுருட்ட வேண்டும். சுருட்டினால் கரையேற வேண்டும். கரையேறினால் சீகை மரத்தடியில் உட்கார்ந்து டிபன் கேரியரைப் பிரிக்க வேண்டும். எலுமிச்சம்பழச் சாதத்தை ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் அந்த ஆள் கேட்டுவிடுவார். அதைக் கேட்கத்தானே கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி உச்சி வரைக்கும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மேட்டுப்பாளையம் தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இதோ கேட்கப் போகிறார், இதோ கேட்கப் போகிறார் என்று பூபதி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். அவரோ மழை ஏமாற்றிவிட்டதைப் பற்றியும் தேயிலை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். கேட்கப் போவது தெரியாதா என்ன. புரட்டாசி முடிந்த கையோடு, ஐப்பசியில் அவருக்குக் கல்யாணம். பெண் திருப்பூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்து டீச்சர், புருஷனைப் பறிகொடுத்தவள். அந்த வீட்டார் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. மூத்தவளுடைய பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலை வர வேண்டும், அதைக் கட்டிக்கொண்டுதான் பெண் வாசல்படி மிதிப்பாள், இல்லாவிட்டால் செத்தவளின் மனத்தாங்கல் அந்த வீட்டில் நிற்கும். பூபதியின் சொந்தபந்தத்திலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்றால் இன்றைக்குப் பூபதி ஒருத்தன்தான். அக்கா மகள் அபிநயா வெளிநாட்டிலிருந்து போன் போட்டு, மாமா, அப்பா ராத்திரிக்கு ஓட்ஸைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக்கறாரு, நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று அழுதாள். ஓட்ஸைக் கரைத்துக் குடிக்கட்டுமே. குடித்தால் என்ன. அக்காவுக்கு அந்த ஓட்ஸ்கூட இல்லையே.

மனசுக்குள் அவன், இவன், அந்த ஆள். வாயைத் திறந்தால் மட்டும் மச்சானுங்க, சரிங்க, ஆமாங்க. இந்த மரியாதை வேறு ஒரு கேடு. ஆத்திரம் எவ்வளவு பொங்கி வந்தாலும் ‘ங்க’வில் முட்டி நின்றுவிடுகிறது. பூபதி தூண்டில் கம்பைத் தூக்கி, நைலான் நரம்பைத் தலைக்கு மேல் ஒரு தடவை சுழற்றி எதிர்க்கரைப் புல்லை ஒட்டி வீசினான். வீச்சு கோணலாக விழுந்தது. ஆடியிலும் ஆவணியிலும் கொட்ட வேண்டிய மழை கொட்டவில்லை. ஓடை நடுவில் மட்டும் சுருங்கி ஓடிற்று, ஓரத்துக் கற்களெல்லாம் பாசி காய்ந்து வெளியே கிடந்தன. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. இந்தத் தண்ணீரில் மனுஷனுடைய நிழல் விழுந்தாலே போதும், ட்ரவுட் ஓடிப் பாறைக்கடியில் ஒண்டிக்கொள்ளும். வெள்ளைக்காரன் எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட குளிர்தேசத்து மீன். அதற்குத் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும், நுரைத்து ஓட வேண்டும், மூச்சுக்குக் காற்று வேண்டும். சீமந்தத்துக்கு வந்த மருமகளுக்குக்கூட இவ்வளவு சொகுசு கிடையாது. புரட்டாசி வெயில் பிடரியில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் புல்மேடு காய்ந்து பழுப்பாகக் கிடந்தது, காற்று வீசும்போதெல்லாம் வெட்டுக்கிளிகள் புல்லிலிருந்து எகிறித் தண்ணீரில் விழுந்து தத்தளித்தன. அதைத் தின்னத்தான் மீன் கரையோரம் வரும். ஆகையால் தூண்டில் நுனியிலும் ஒரு வெட்டுக்கிளி. நிஜமானது இல்லை, கொக்கியின் மேல் சேவல் கழுத்து இறகையும் நூலையும் சுற்றிச் செய்தது. அக்கா செய்தது.

அங்கேதான் மனசு மறுபடியும் போய்ச் சிக்கிக்கொண்டது. காலையில் காரை நிறுத்தியதும் அந்த ஆள் டிக்கியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். அக்காவின் டப்பா. வளையல் வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சைப் பரப்பி, அதன் மேல் இப்படி இறகில் செய்த பூச்சிகளை வரிசையாகக் குத்தி வைத்திருப்பாள். மச்சான் குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் மேனேஜராக இருந்த காலத்தில், பொழுது போகாமல் பழகிக்கொண்ட வேலை. ஊருக்கு வந்தால் சேவல்கட்டுக்காரர்களிடம் போய், செத்த சேவலின் கழுத்து இறகைக் கொடுங்க அண்ணா என்று கூச்சமே இல்லாமல் கேட்பாள். சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். அந்த டப்பாவை அந்த ஆள் பீடிக்கட்டு கொடுப்பது போல நீட்டினார். இதை நீங்க வெச்சுக்கங்க மாப்ளே என்றார். ஏன்? புதுசாக வருகிறவள் கண்ணில் படக் கூடாது என்றா? வீட்டைக் காலி பண்ணுகிறார், அவ்வளவுதான். அக்காவின் சேலைகளை அனாதை ஆசிரமத்துக்குக் கொடுத்தாயிற்று, மூக்குக்கண்ணாடியைக் கண் ஆஸ்பத்திரிப் பெட்டியில் போட்டாயிற்று, பாக்கி இருந்தது இந்த டப்பா, அதையும் தள்ளிவிட்டாயிற்று. பூபதி வாங்கிக்கொண்டான். சரிங்க மச்சான் என்றான்.

நரம்பை இழுத்து மறுபடியும் வீசினான். இந்தத் தடவை பூச்சி புல்லில் பட்டுத் தண்ணீரில் சொத்தென்று விழுந்தது, நிஜ வெட்டுக்கிளி விழுவது போல. ஓடையோடு மிதந்து வந்தது. மீன் வரவில்லை. அக்கா போன நாளை எப்போது நினைத்தாலும் அந்த ரயில்வே கேட்தான் முன்னால் வந்து நிற்கிறது. பச்சை டேங்கர்கள் கோர்த்த கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கார் ஜன்னலில் ஒரு பெண் கூடையைச் சாய்த்து, கொய்யா வேணுங்களா, உப்பு மொளகாய் போட்டது என்று கேட்டாள். மடியில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் கிளிப்பச்சைச் சேலை. செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போட வேண்டிய கோடி. அக்கா அப்போது செத்துக்கூட இருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டிக் கிடந்தாள். இனிமேல் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னதும் அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டார். சென்னையில் வேறு டாக்டரைக் கேட்கலாம் என்று பூபதி சொன்னது காதில் ஏறவில்லை. மாப்ளே, நீங்க போயி கோடி எடுத்துட்டு நேரா ஊட்டுக்கு வந்துருங்க, நாங்க ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தர்றோம் என்று அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டார், அதுதான். கூட இருக்க விடாமல் அனுப்பிவிட்டார். ஆம்புலன்ஸில் ஒரு பையன் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தானாம். வீட்டு வாசலில் இறக்கினார்களாம். அந்த ஆள் அந்தப் பையனைப் பார்த்து, போதும், நிறுத்திருங்க என்றாராம். கேட் திறந்து பூபதி போய்ச் சேரும்போது அக்காவின் வாயைக் கட்டியிருந்தார்கள். ஒரு கேட் திறக்கிற நேரம். ஒரு கூட்ஸ் வண்டி போகிற நேரம். அவ்வளவு நேரம் அமுக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? யார் கை வலித்துவிடும்? ஜவுளிக்கடையில் தான் எவ்வளவு நேரம் நின்றான், எத்தனை சேலையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தான் என்பதை மட்டும் பூபதியின் மனசு எப்போதும் எட்டிக் குதித்துத் தாண்டிவிடும். கூட்ஸ் வண்டியிடம் வந்துதான் நிற்கும். கொய்யாக்காரியிடம் நிற்கும். அப்புறம் நேராக அந்த மூன்று எழுத்திடம் வந்து நிற்கும். போதும். அதென்ன போதும். சாப்பாட்டுப் பந்தியில் ரசத்துக்குச் சொல்வது போலப் போதும்.

சேலை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். எங்க ஊட்லருந்து உங்களுக்கு ஒரு சேலைதான், அது போயிருச்சு என்று சொல்லலாம். எரிச்சிட்டீங்களே மச்சான் என்று சேர்த்துக்கொள்ளலாம். முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். அதை நினைத்ததும் நெஞ்சுக்குள் இனிப்பாக ஒன்று ஊறியது, உடனே கசந்தது. அக்கா இருந்தால் என்ன சொல்வாள் என்று கேட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் அந்த ஆளின் சட்டைப் பொத்தானைக்கூடத் தானே போட்டுவிடுகிறவள். மேலே மச்சான் வீசிக்கொண்டிருந்தார். அவர் வீச்சு எப்போதும் அலுங்காமல் இருக்கும், நரம்பு காற்றில் நீண்டு விரிந்து பூப்போல இறங்கும். அதுவும் ஆகவில்லை பூபதிக்கு. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குக் கை கொஞ்சமாவது ஆட வேண்டாமா? அப்போது, புல் நிழலுக்கடியில், பூச்சி மிதந்த இடத்தில் தண்ணீர் பிளந்தது.

கம்பு வளைந்தது. ரீல் கிர்ரென்று சுற்றியது. நினைவெல்லாம் ஒரு நொடி அற்றுப்போய், கையில் அந்த இழுப்பு மட்டும் இருந்தது, உயிருள்ள இழுப்பு. நல்ல மீன். முழங்கை நீளம் இருக்கும். ஓடையின் குறுக்கே பாய்ந்தது, மேலே எகிறியது, வெயிலில் அதன் பக்கவாட்டுச் சிவப்பு ஒரு தடவை தெரிந்தது. இழுத்துவிட முடியாது. தெளிந்த தண்ணீருக்காகத் தலைமயிர் போன்ற நரம்பு கட்டியிருந்தது, வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அது ஓடினால் விட வேண்டும், நின்றால் சுற்ற வேண்டும், களைக்கிற வரைக்கும் இப்படியே. குளிர்ந்த தண்ணீரில் இந்த விளையாட்டு நடக்கும். சூடேறிய தண்ணீரில் அதற்கு மூச்சு எங்கிருந்து வரும்? பூபதிக்குத் தெரியும். தெர்மாமீட்டர் கால்சட்டைப் பையில் இருந்தது, தொடையில் அழுத்தியது. அறுத்துவிடு என்று மனசு சொன்னது. கம்பை நேராக நீட்டி ஒரு வெட்டு வெட்டினால் நரம்பு அறும், மீன் பிழைக்கும். ஆனால் அதன் வாயில் இருப்பது அக்காவின் பூச்சி. அக்கா விரலால் சுற்றிய நூல். அறுத்தால் அது போய்விடும். போகட்டும் என்று விட எப்படி முடியும்? டப்பாவில் இன்னும் சில இருக்கின்றன, இருக்கட்டும், இதுவும் வேண்டும், ஒன்றுகூட இனிமேல் போகக் கூடாது. சுற்றினான். அது ஓடியது, விட்டான். மறுபடி சுற்றினான். ஓட்டம் குறைந்தது. எதிர்ப்புக் குறைந்தது. கடைசியில் ஒரு துணியை இழுப்பது போல வந்தது. மண்டியிட்டுக் கொக்கியைக் கழற்றினான். பூச்சி ஈரத்தோடு உள்ளங்கையில் இருந்தது, இறகு ஒட்டிப்போய் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் போட்ட பிறகுதான் மீனைப் பார்த்தான். அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

கையை நனைத்துக்கொண்டு அதை நிமிர்த்திப் பிடித்தான். விட்டால் சாய்ந்தது. பிடித்தால் நின்றது, விட்டால் சாய்ந்தது. பயம் வந்தது. வெறும் மீன்தான், ஆயினும் பயம். புரட்டாசிச் சனிக்கிழமை, செத்தால் தின்னக்கூட ஆள் இல்லை, இரண்டு பேரும் கவுச்சி தொடாத மாதம், பிடித்து விட்டுவிடுவதுதானே, பாவம் இல்லை என்று அந்த ஆள்தான் காலையில் சொன்னார். தண்ணீரில் சத்தம் கேட்டது. மச்சான் கல்லுக்குக் கல் தடவித் தடவிக் கால் வைத்து வந்துகொண்டிருந்தார். முட்டி வலிக்காரர், ஒரு கையைப் பாறையில் ஊன்றித் தண்ணீருக்குள்ளேயே மண்டி போட்டார். மீனை வாங்கிக்கொண்டார். மூக்கு நீரோட்டத்தைப் பார்க்க, ஒரு கை வயிற்றுக்கடியில், ஒரு கை வாலில். முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். முன்னே, பின்னே. செவுள் திறந்தது, மூடியது. அப்புறம் அவர் கை ஒரு கணம் நின்றது. தண்ணீருக்குள் விரலை விரித்துப் பார்த்தார்.

“தண்ணி சுடுதுங்க மாப்ளே,” என்றார்.

அவ்வளவுதான். தெர்மாமீட்டரைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. பூபதியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சும்மா இருந்துகொண்டே கொல்கிற ஆள் இவர், இப்படித்தான் ஆயுசு முழுக்க, அக்காவும் இதில்தான் விழுந்தாளோ என்னவோ. முன்னே, பின்னே. பூபதி எழுந்து கரையில் நின்றான். அவர் தலையில் வழுக்கை விழுந்திருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது, வெயில் அதன் மேல் அடித்தது. சட்டைக் கை நனைந்து முழங்கை வரை ஏறியிருந்தது. செவுள் திறந்தது. வெகுநேரம் கழித்து மறுபடியும் திறந்தது. அவர் தள்ளினால் திறந்தது, நிறுத்தினால் இல்லை. மீன் மூச்சு விடவில்லை, அவர் கைதான் விட்டது. நிழல் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு நகர்ந்துவிட்டது. அவர் வலிக்கிற முட்டியை மாற்றி மாற்றி ஊன்றினார், ஆனாலும் தள்ளிக்கொண்டே இருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. நெஞ்சை யாரோ அமுக்கி அமுக்கி விடுவது போல இருந்தது. எதற்கு இது? யாருக்காக? கண்ணெல்லாம் வெளுத்துப் போன ஒன்றை எதற்காக இப்படி இழுத்துக்கொண்டு.

“போதும் மச்சான், நிறுத்திருங்க.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தன் குரல்தான். அதே வார்த்தை. ஒரு வருஷமாக நாக்கில் வைத்து அரைத்து அரைத்துத் துப்பிய வார்த்தை, தன் வாயிலிருந்து, அதுவும் எவ்வளவு பக்குவமாக, எவ்வளவு இரக்கமாக வந்துவிட்டது. மச்சானுக்கும் அது கேட்டது. அவர் முதுகு ஒரு தடவை விறைத்தது. கை நிற்கவில்லை.

“இன்னுங் கொஞ்சம் பாத்துடலாமுங்க,” என்றார்.

அன்றைக்கும் அந்தப் பையனிடம் இப்படிச் சொன்னாரா? போதும் என்பதற்கு முன்னால், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எத்தனை தடவை? வாசலில் வைத்து எவ்வளவு நேரம்? பூபதி யாரிடமும் கேட்டதே இல்லை. ரயில்வே கேட் என்றும் கூட்ஸ் வண்டி என்றும் நினைத்துக்கொண்டு, அதைக் கேட்காமலே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது கேட்டால் இவர் சொல்வார். சொல்லிவிடுவார் என்பதே தாங்க முடியாததாக இருந்தது. இப்படி ஒரு சந்தேகத்தை மடியில் கட்டிவிட்டதற்காகவும் சேர்த்து அந்த ஆள் மேல் வெறுப்பு மூண்டது, முன்னைக்கு இப்போது கொஞ்சம்கூடக் குறையாத வெறுப்பு. அந்த வெறுப்போடேயே தண்ணீரில் இறங்கினான். எதிரே மண்டி போட்டான். மச்சானின் விரல் ஐஸ் போல இல்லை, தண்ணீரைப் போலவே வெதுவெதுவென்று இருந்தது. பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கழற்றினான். கடைசி விரல் வர மறுத்தது. அதையும் கழற்றினான். மீன் மெல்லப் புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நகர்ந்து, கீழே ஒரு கல்லில் தட்டி நின்றது.

இரண்டு பேரும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தார்கள். வெட்டுக்கிளி ஒன்று பக்கத்தில் விழுந்து கால் உதைத்துக்கொண்டு போயிற்று. பூபதி கால்சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, சிவப்புக் கோடு தெரிகிற மாதிரி மச்சானின் பக்கத்துப் பாறையில் வைத்தான். அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார், கேட்பதற்கு. காலையிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததை இப்போது, இந்தக் கோலத்தில், நனைந்த சட்டையோடு கேட்கப் போகிறார். வாயைத் திறந்தார், மாப்ளே என்றார். அந்த ஆளைக் கேட்க விடக் கூடாது என்று இருந்தது பூபதிக்கு. அவர் கேட்டுக் கொடுத்ததாக இருக்கவே கூடாது.

“சேலை அனுப்பி வெக்கிறேனுங்க,” என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல், கல்லில் தட்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு. “பச்சை மட்டும் எடுக்க மாட்டேன்.”